நோத்ர் தாமும் செய்ன் நதியும்: இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் தைல வண்ண ஓவியம் தீட்ட முழுமையான வழிகாட்டி

பேராலயம் ஒன்றை ஆற்றோடு சேர்த்துத் தீட்ட உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஆலயத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள் என்பதுதான். கல்லில் செதுக்கிய ஆயிரம் நுணுக்கங்களையும் நதி வாங்கிக்கொள்கிறது. தேவையில்லாதவற்றைக் கரைத்துவிட்டு, நான்கைந்து நிறத் திட்டுகளாக நமக்குத் திருப்பித் தருகிறது. நுணுக்கங்களை விட்டுவிட்டு அந்த நேரத்து ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயலும் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நதியே செய்து வைத்திருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

நாம் எடுத்துக்கொள்ளும் காட்சி பாரிஸின் நோத்ர் தாம். செய்ன் நதியின் நடுவே சித்தே தீவில் 1163-இல் கட்டத் தொடங்கிய ஆலயம். 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் கூரையையும் ஊசிக் கோபுரத்தையும் இழந்தது. இரண்டையும் பழைய வடிவிலேயே எழுப்பி, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். ஏப்ரல் 15 என்ற தேதி ஓவியர்களுக்கு வேறொரு காரணத்தாலும் நினைவில் நிற்கும். 1874-இல் அதே நாளில்தான், அதே பாரிஸில், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களான மோனேயும் பிஸ்ஸாரோவும் ரெனுவாரும் தோழர்களும் தங்கள் முதல் கண்காட்சியைத் திறந்தார்கள்.

பேராலயம் என்றதும் மோனேயின் ரூவான் ஓவியங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. செய்ன் நதிக்கரையில்தான் ரூவான் நகரமும் இருக்கிறது. 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஆலயத்துக்கு எதிரே இருந்த கட்டடங்களின் மாடி ஜன்னல்களில் உட்கார்ந்து, ஒரே முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட கான்வாஸ்களில் தீட்டினார். ஒளி மாற மாற ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இரவில் அந்த ஆலயம் நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் தன்மேல் இடிந்து விழுவதாகக் கனவு கண்டதை, பின்னாளில் மனைவியான ஆலிஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஓவியங்களை ஜிவெர்னியில் உள்ள தன் கூடத்தில் வைத்து நிறைவு செய்து, 1894 என்று தேதியிட்டு, 1895 மே மாதம் அவற்றில் இருபதைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். வெளியில் நின்று ஒரே மூச்சில் முடித்தால்தான் அது இம்ப்ரெஷனிசம் என்று நம்பிக்கொண்டு அவசரப்படுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். நாமும் ஒரே நாளில் முடிக்கப் போவதில்லை.

1. பொருள்கள்

இதில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. 40 × 50 சென்டிமீட்டர் அளவில் ஒரு கான்வாஸ், பன்றி முடியால் செய்த தட்டைப் பிரஷ்கள் மூன்று (அரை அங்குலம், கால் அங்குலம், அதிலும் சிறியது ஒன்று), ஒரு பேலட் கத்தி (வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தி), டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி. இவ்வளவு போதும்.

நிறங்களில்தான் கவனம் வேண்டும். 1905-இல் தன் ஓவிய வணிகரான துரான்-ருயேலுக்கு எழுதிய கடிதத்தில் மோனே தன் வண்ணங்களைப் பட்டியலிட்டார்: ஈய வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவ்வளவுதான். கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. ஈய வெள்ளையிலும் பாதரசம் கலந்த வெர்மிலியனிலும் நஞ்சு உண்டு. ஆகவே நாம் டைட்டானியம் வெள்ளையும், இளம் கேட்மியம் சிவப்பும், மேடருக்குப் பதிலாக அலிசரின் கிரிம்சனும் வாங்கிக்கொள்ளலாம். கேட்மியம் நிறங்களையும் கையில் ஒட்டவிடாமல் கையாளுங்கள். கறுப்பு டியூப் கையில் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விரிடியனையும் அலிசரினையும் சம அளவில் குழைத்தால் கறுப்பை நெருங்கும் ஓர் ஆழ்ந்த நிறம் வரும். அதைச் சற்றுப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ சாய்க்க முடியும். டியூப் கறுப்பை அப்படிச் சாய்ப்பது எளிதல்ல.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

2. எங்கே உட்காருவது, எப்போது

அஞ்சலட்டைகளில் வரும் முகப்பு மேற்கே பார்த்தது. இரண்டு சதுரக் கோபுரங்கள் கொண்ட அந்த முகத்தை நாம் தீட்டப் போவதில்லை. நதியோடு ஆலயம் உறவாடுவது அதன் பின்புறத்தில்தான். இடது கரையில், தூர்நெல் பாலத்தை ஒட்டிக் கீழ்த்துறைக்கு இறங்குங்கள். அங்கிருந்து பார்த்தால் ஆலயத்தின் அரைவட்டப் பின்பகுதியும், அதைச் சுற்றிலும் நண்டுக் கால்போல ஊன்றி நிற்கும் முட்டு வளைவுகளும், ஈயக் கூரையும், அதன் நடுவே ஊசிக் கோபுரமும், எல்லாவற்றுக்கும் அப்பால் அந்தச் சதுரக் கோபுரங்களும் தெரியும். கீழே தோட்டத்து மரங்கள், தீவின் கரைச்சுவர், பிறகு தண்ணீர். மோனேக்கு முந்திய தலைமுறைக்காரரான டச்சு ஓவியர் யோங்கிண்ட், 1860-களில் இந்த ஆலயத்தையும் நதியையும் வெவ்வேறு ஒளியில் தீட்டினார். தன் கண்ணுக்குக் கடைசிப் பயிற்சி தந்தவர் அவர்தான் என்று மோனே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இங்கே நீங்கள் மேற்கும் வடமேற்குமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒளி நேராக அடிப்பதால் ஆலயம் தட்டையாக, வெட்டி ஒட்டிய காகிதம்போலத் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சூரியன் இடப்புறம் வந்துவிடும். அப்போது ஒவ்வொரு முட்டு வளைவின் இடப்பக்கமும் வெயிலில் இருக்கும், வலப்பக்கம் நிழலில் விழும். நமக்கு வேண்டியது அந்த நேரம். மாதம் ஏப்ரல் என்று வைத்துக்கொள்வோம். மரங்கள் அப்போதுதான் தளிர்விட்டிருக்கும், கட்டடத்தை முழுக்க மறைக்காது.

தமிழ்நாட்டு வெயிலில் வரைந்து பழகியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கோடை உச்சத்திலும் பாரிஸில் சூரியன் 65 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. டிசம்பர் நண்பகலில் 18 பாகைதான். தலைக்கு மேல் வந்து நிற்கும் சென்னைச் சூரியனின் குறுகிய, கறுத்த நிழல்கள் அங்கே கிடையாது. நிழல்கள் நீளமானவை, மென்மையானவை, வானத்து நீலம் கலந்தவை. கைப்பழக்கத்தில் நிழலை இருட்டாகப் போட்டுவிட்டால் படம் அந்த ஊரை விட்டு வெளியே போய்விடும்.

பாரிஸுக்குப் போக முடியாதவர்கள் நல்ல புகைப்படங்களை வைத்துத் தீட்டலாம். ஆனால் கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். அதற்கு மருந்தாக, மோனேயின் ரூவான் ஓவியம் ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவுப் பகுதியை முதலில் நகல் எடுங்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடமும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் தங்களிடம் உள்ள ரூவான் ஓவியங்களின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அந்தச் சிறு துண்டில் ஒரு நிழலைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

3. பிரஷ்ஷைத் தொடாமல் அரை மணி நேரம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

நான் இந்தக் காட்சியை முதன்முதலில் தீட்டியபோது ஜன்னல்களில் தொடங்கினேன். வளைவு வளைவாக, கம்பி கம்பியாக இரண்டு மணி நேரம். அதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. கீழே கான்வாஸில் வெள்ளையாகக் காத்திருந்த இடத்தில் தண்ணீரை ஏதோ ஒரு நீலத்தால் நிரப்பினேன். ஆலயம் ஓர் ஊரிலும் ஆறு வேறோர் ஊரிலும் இருந்தன. கான்வாஸை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தபோது ஒரு சுற்றுலாப் படகு போனது. கலங்கிய தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் வெளிர் மஞ்சளாக ஒரு திட்டு வந்தது, பக்கத்தில் ஊதா, பிறகு பச்சை. அந்த மூன்றும் சேர்ந்த கணத்தில் ஆலயம் அங்கே இருந்தது. ஒரு ஜன்னல்கூட இல்லை. ஆனாலும் அது நோத்ர் தாம்தான், வேறெதுவும் அல்ல.

ஆகவே தண்ணீரைப் பாருங்கள். பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே செங்குத்தாக விழும். சூரியன் எங்கே இருந்தாலும் அது சாயாது. சாய்வது நிழல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நதி ஓவியங்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

அடுத்தது, பிம்பம் என்பது காட்சியைத் தலைகீழாக மடித்த நகல் அல்ல. நீங்கள் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்களோ, அதே அளவு தண்ணீருக்குக் கீழே உங்கள் கண் இருந்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரியும். அதனால்தான் பாலத்தைத் தீட்டும்போது அதன் அடிவயிறு தண்ணீரில் கூடுதலாகத் தெரிகிறது. கரைச்சுவருக்குப் பின்னால் தள்ளி நிற்கும் ஆலயமோ பிம்பத்தில் சற்றுக் குறைந்தே தெரியும். சுவரும் மரங்களும் அதன் கீழ்ப்பகுதியை விழுங்கிவிடும். மேல்சாலையில் நின்றால் இந்த வேறுபாடு அதிகம், கீழ்த்துறையில் உட்கார்ந்தால் குறைவு. கீழே இறங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது ஒளியளவு. வெயில் பட்ட கல் தண்ணீரில் ஒரு படி மங்கித் தெரியும். இருண்ட மரமோ தண்ணீரில் ஒரு படி வெளுத்துத் தெரியும். இரண்டு முனைகளும் நடுவே நெருங்கி வருகின்றன.

நான்காவது, தூரம். உங்கள் காலடியில் தண்ணீரின் சொந்த நிறம் தெரியும். செய்ன் நதிக்கு அது கலங்கிய பாசிப் பச்சை. தூரம் போகப் போக அது கண்ணாடியாகிவிடும். இந்த மாற்றத்தைக் காட்டினால் போதும், தண்ணீர் தானாகவே படுத்துக்கொள்ளும். காட்டாவிட்டால் சுவர்போல எழுந்து நிற்கும்.

4. தீப்பெட்டி அளவில் மூன்று படங்கள்

நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால், தீப்பெட்டி அளவில் மூன்று சிறு படங்கள் போடுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து கருமையும் வெண்மையும் மட்டும் நிற்கும். மிக வெளிச்சத்துக்கு ஒன்று, மிக இருட்டுக்கு ஐந்து என்று எண் கொடுத்து ஒவ்வொரு பகுதியிலும் எழுதுங்கள். வானம் 1, வெயில் பட்ட கல் 2, ஈயக் கூரை 3, கல்லின் நிழல் 3, மரங்கள் 4, கரைச்சுவரின் அடி 5 என்கிற மாதிரி வரும். கூரையும் கல்லின் நிழலும் ஒரே எண்ணில் இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் இது உதவும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீர்க்கோடு படத்தின் சரிநடுவில் வர வேண்டாம். கீழிருந்து ஐந்தில் இரண்டு பங்கு நதிக்குக் கொடுப்பது எனக்குப் பிடித்த அளவு.

5. அடித்தளமும் கோட்டு வரைவும்

வெள்ளைக் கான்வாஸ் கண்ணை ஏமாற்றும். அலிசரின், மஞ்சள், கடுகளவு நீலம் மூன்றையும் டர்பன்டைனில் கரைத்துக் கான்வாஸ் முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். ஈர மணலின் நிறம் மிஞ்சும். முதல் நாளே செய்து காயவிட்டால் நல்லது.

வரைவதற்குப் பென்சில் வேண்டாம். டர்பன்டைனில் கரைத்த கோபால்ட் நீலமும் சிறிய பிரஷும் போதும். ஐந்தே அடையாளங்கள்: நீர்க்கோடு, கரைச்சுவரின் மேல்விளிம்பு, கூரையின் முகடு, ஊசிக் கோபுரத்தின் நுனி, இரட்டைக் கோபுரங்களின் உச்சி. கையை நீட்டிப் பிரஷ் காம்பால் அளந்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள்.

இங்கே ஓர் அளவுக் கணக்கு இருக்கிறது. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 69 மீட்டர், ஊசிக் கோபுரத்தின் உயரம் 96 மீட்டர். ஆலயத்தின் நீளம் ஏறத்தாழ 128 மீட்டர். பின்புறத்திலிருந்து பார்க்கும்போது ஊசிக் கோபுரம் நமக்கு அருகிலும், இரட்டைக் கோபுரங்கள் அந்த நீளத்தின் மறுமுனையிலும் இருக்கின்றன. ஆகவே இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் 96-க்கும் 69-க்கும் உள்ளதைவிட அதிகம். அஞ்சலட்டை நினைவில் கோபுரங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டால், நதியிலிருந்து பார்க்கிற உணர்வு அங்கேயே போய்விடும்.

ஊசிக் கோபுரம் செங்குத்தாக இருக்கிறதா என்று, பிரஷ்ஷை இரு விரலால் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பதுபோலப் பாருங்கள். பிறகு அந்தச் செங்குத்தைத் தண்ணீருக்குள்ளும் ஒரு மெல்லிய கோடாக நீட்டிவிடுங்கள். இனி ஆலயமும் பிம்பமும் ஒரே நூலில் கட்டப்பட்டவை.

6. முதல் பூச்சு: ஆற்றில் தொடங்குங்கள்

வண்ணம் நீர்மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும். பெரிய பிரஷ். மொத்தம் இருபது நிமிடம்.

தண்ணீரில் விழுந்திருக்கும் ஆலயத்தின் வெளிச்சத் திட்டை முதலில் வையுங்கள். உடனே, பிரஷ்ஷைக் கழுவாமல், அதே கலவையில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, மேலே நிஜ ஆலயத்தின் வெயில் பட்ட பக்கத்தை வையுங்கள். பிறகு தண்ணீரில் நிழல், மேலே நிழல். தண்ணீரில் மரம், மேலே மரம். தண்ணீரில் வானம், மேலே வானம். இப்படி ஒவ்வொரு நிறமும் கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை. இந்த வரிசையில் போனால் ஆலயமும் நதியும் ஒரே ஒளியில் இருந்தே தீரும், ஏனென்றால் இரண்டும் ஒரே கலவையிலிருந்து பிறந்தவை. மேலே இருப்பதை அதிகம் செதுக்கவும் கை வராது. கீழே இல்லாத ஜன்னலை மேலே போடத் தோன்றாது.

இருபது நிமிடத்தில் கான்வாஸில் வெற்றிடமே இருக்கக் கூடாது. படம் மங்கலாக, கலைந்து கிடக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

7. கல்லின் நிறம்

நோத்ர் தாம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. தீக்குப் பிறகு நடந்த பணிகளில் கழுவித் துலக்கியிருப்பதால் பல இடங்களில் இளம் வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. ஆனால் 'கல்லின் நிறம்' என்று ஒரு கலவையைச் செய்து பேலட்டில் வைத்துக்கொண்டீர்கள் என்றால் எல்லாம் முடிந்தது. கல்லுக்கு நிறம் இல்லை, அந்த நேரத்து வெயிலுக்குத்தான் நிறம் இருக்கிறது. ரூவான் ஆலயத்தின் முகப்பும் மேற்கே பார்த்தது. காலையில் சூரியன் ஆலயத்துக்குப் பின்னால் எழுவதால் முகப்பு நிழலில் இருக்கும். மோனேயின் காலை ஓவியங்கள் நீலமாக இருப்பதற்கும் பிற்பகல் ஓவியங்கள் பொன்னாக எரிவதற்கும் காரணம் கவிஞனின் கற்பனை அல்ல. அந்தத் திசைதான்.

வெயில் பட்ட பக்கத்துக்கு: சுண்டைக்காய் அளவு வெள்ளை, மிளகளவு மஞ்சள், கடுகளவு கேட்மியம் சிவப்பு. முழுதாகக் குழைக்காதீர்கள். பேலட் கத்தியால் இரண்டு புரட்டு புரட்டி நிறுத்துங்கள். பிரஷ்ஷில் எடுக்கும்போது ஒரு தீற்றில் மஞ்சள் கொஞ்சம் கூடும், அடுத்ததில் சிவப்பு கூடும். அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் கல்லை மூச்சு விட வைக்கும்.

நிழலுக்கு: கோபால்ட் நீலம், அலிசரின், வெள்ளை. மூன்றும் சேர்ந்தால் கத்திரிப்பூ நிறம் வரும். அதில் வெயில் பக்கத்துக் கலவையைக் கொஞ்சம் விடுங்கள், அடங்கும். ஏன் ஊதா? வெயில் படாத இடத்தை ஒளியூட்டுவது நீல வானம். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. மஞ்சளின் பக்கத்தில் எந்தச் சாம்பல் இருந்தாலும் கண் அதை ஊதாவாகவே காணும். கொப்லான் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோல் இதை ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார். கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று வந்த புகாரை ஆராயப் போனவர், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறத்தால்தான் அப்படித் தெரிகிறது என்று கண்டார். நெசவுக் கூடத்துப் புகாரில் பிறந்த அந்த அறிவு பின்னாளில் ஓவியர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

பதம் இப்போது தோசை மாவு. தீற்றுகள் குட்டையாக, சற்றே செங்குத்தாக. ஒவ்வொரு முட்டு வளைவுக்கும் இடப்பக்கம் ஒரு வெளிச்சத் தீற்று, வலப்பக்கம் ஒரு நிழல் தீற்று. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எத்தனை வளைவுகள் என்று எண்ணிப் போடாதீர்கள். ஐந்தாறு நன்றாக விழுந்தால் மீதியைப் பார்ப்பவர் கண் கட்டிக்கொள்ளும்.

கூரை ஈயம். வானத்தை வாங்கிக்கொள்ளும் உலோகம். நாலாம் படியில் கூரைக்கும் கல்லின் நிழலுக்கும் ஒரே எண் வந்ததல்லவா? ஆகவே கருமையால் இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். நிறத்தால் பிரியுங்கள். கூரை பச்சை கலந்த நீலமாக இருக்கட்டும், நிழல் ஊதாவாக இருக்கட்டும். அருகருகே இரண்டும் நடுங்கும்.

8. மரமும் கரைச்சுவரும்

விரைவாக முடியுங்கள். தளிர்களுக்கு விரிடியனும் நிறைய மஞ்சளும், பச்சை கூவாமல் இருக்கக் கடுகளவு சிவப்பும். மரங்களுக்கு இடையே வானத்தையும் கல்லையும் எட்டிப் பார்க்க விடுங்கள். சுவர் கிடைமட்டத் தீற்றுகளில். நீரைத் தொடும் இடத்தில் மட்டும் விரிடியன்-அலிசரின் கருமை. படத்தில் மிக இருண்ட இடம் அது ஒன்றாகவே இருக்கட்டும்.

9. ஓடும் நீர்

ஒவ்வொரு சிற்றலையும் சாய்ந்த ஒரு சிறு கண்ணாடி. உங்களைப் பார்த்துச் சாய்ந்த பக்கம் உயரத்து வானத்தைக் காட்டும். மறுபக்கம் எதிர்க்கரையைக் காட்டும். அதனால் பிம்பம் அறுந்து அறுந்து, உங்களை நோக்கி நீண்டு வருகிறது. நிஜக் கோபுரத்தைவிடத் தண்ணீரில் அதன் வெளிச்சம் நீளமாகத் தெரிவது இதனால்தான்.

செய்முறை இது. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தட்டைப் பிரஷ்ஷை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை மெல்ல இழுங்கள். நிறத் திட்டுகளின் ஓரங்கள் கரையும். அதன்மேல் வான நிறத்தைத் தோசை மாவுப் பதத்தில் எடுத்து, கிடைமட்டமாகக் குறுக்கே வையுங்கள். எதிர்க்கரையோரம் நூல்போல மெல்லிய, நெருக்கமான தீற்றுகள். அருகில் வர வர அகலமாக, இடைவெளி விட்டு. காலடியில் பாசிப் பச்சையை அந்த இடைவெளிகளில் விடுங்கள்.

1869-இல் மோனேயும் ரெனுவாரும் பாரிஸுக்கு வெளியே இதே செய்ன் நதியின் குளிக்கும் துறை ஒன்றில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தீட்டிய படங்களைத் தேடிப் பாருங்கள். மோனேயின் படத்தில் தண்ணீர் வெறும் பட்டைத் தீற்றுகள்தான். கிட்டே போனால் கருநீலம், பழுப்பு, வெள்ளை எனத் தனித்தனிச் செங்கற்கள். நான்கு அடி பின்னால் வந்தால் ஆடுகிற தண்ணீர்.

படகு போனால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அது கிழிக்கும் நீர்த்தடம் பிம்பத்தின் குறுக்கே வானத்தை ஒரு வெள்ளிக் கீற்றாகக் கொண்டுவரும். அந்தக் கீற்று ஒன்றைப் படத்தில் வைத்தால், செங்குத்துகளால் நிறைந்த காட்சிக்குக் குறுக்கே ஓர் ஓய்வு கிடைக்கும். ஒன்று போதும்.

ஒரு மணி நேரத்தில் நிழல்கள் இடம் மாறிவிட்டிருக்கும். நகர்ந்த நிழலைத் துரத்தாதீர்கள். அன்றைய வேலை முடிந்தது.

10. ஒரு வாரம் கழித்து

அதே நேரம், அதே மாதிரி வானம். இரண்டும் அமையாவிட்டால் காத்திருங்கள். இப்போது பதம் வெண்ணெய். டர்பன்டைன் வேண்டாம். வேண்டுமானால் ஒரு சொட்டு எண்ணெய். மெல்லிய பூச்சின்மேல் எண்ணெய் கூடிய பூச்சு வரலாம். மாற்றிச் செய்தால் மேலடுக்கு முன்னதாகக் காய்ந்து விரிசல் விடும்.

வெயில் பட்ட கல்லில் மட்டும் வண்ணத்தைத் தடிப்பாக வையுங்கள். ரூவான் ஓவியங்களின் மேற்பரப்பு சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்போலக் கரடுமுரடாக இருக்கிறது. பூச்சின்மேல் பூச்சாக ஏறி, வண்ணமே கல்லாகிவிட்டது. நிழலும் தூரமும் மெல்லியதாகவே இருக்கட்டும். தடித்த வண்ணம் முன்னால் வரும், மெல்லியது பின்வாங்கும்.

ஊசிக் கோபுரத்தை வானத்திலிருந்து வெட்டி எடுத்ததுபோல விட்டுவிடாதீர்கள். வான நிறத்தைப் பிரஷ்ஷில் எடுத்து, கோபுரத்தின் வெயில் பக்க விளிம்பில் ஓரிரு இடங்களில் உள்ளே இழுங்கள். கோபுரம் காற்றுக்குள் போய் நிற்கும்.

இப்போது கான்வாஸைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளிப் பாருங்கள். மேலே வந்துவிட்ட நதி, வெளிச்சம் கொஞ்சம் மங்கிய இன்னொரு ஆலயமாகத் தெரிந்தால் படம் சேர்ந்துவிட்டது. நதி தனியாக, ஆலயம் தனியாகத் தெரிந்தால் எந்த நிறம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது நிழலின் ஊதாவாக இருக்கும். தண்ணீரில் அதை நான்கு தீற்று வையுங்கள்.

வார்னிஷுக்கு அவசரமில்லை. ஆறு மாதமாவது காய வேண்டும். பிஸ்ஸாரோ உட்படப் பலர் தங்கள் ஓவியங்களுக்கு அதை விரும்பவே இல்லை. பளபளப்பு வந்தால் வண்ணத்தின் மென்மை போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

11. மாலைக்கு இன்னொரு கான்வாஸ்

முதல் படம் காய்ந்துகொண்டிருக்கும்போதே, அதே இடத்தில் சூரியன் மறைகிற நேரத்துக்குப் போய் உட்காருங்கள். ஏப்ரலில் சூரியன் ஏறத்தாழ ஆலயத்துக்குப் பின்னாலேயே இறங்கும். வெயில் பக்கம், நிழல் பக்கம் என்ற பேச்சே இல்லை. முழு ஆலயமும் ஒரே ஊதா நீலத் திட்டு. தண்ணீரில் அதே திட்டு, கொஞ்சம் பச்சை கலந்து. வானமும் நீரும் வெளிறிய ஆரஞ்சு. முன்பு பத்துப் படிகளில் செய்ததை இப்போது நாற்பது நிமிடத்தில் செய்யலாம், ஏனென்றால் நதி செய்து காட்டிய சுருக்கத்தை மாலை ஒளி ஆலயத்துக்கே செய்துவிட்டது.

சூரியனைத் தீட்டுவதில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. இந்த இயக்கத்துக்கே பெயர் தந்த, 1872 என்று தேதியிட்ட மோனேயின் துறைமுக விடியல் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. சுற்றியுள்ள வானத்தின் ஒளியளவும் அதன் ஒளியளவும் ஏறத்தாழ ஒன்று. நிறத்தால் மட்டுமே அது பிரிந்து நிற்கிறது. அதனால்தான் பார்க்கும்போது துடிக்கிறது. உங்கள் சூரியனை வைத்த பிறகு கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். வெள்ளைப் பொட்டாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளையைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டி மறுபடி வையுங்கள். சரியாக வந்த பிறகு, அதே கலவையில் கடுகளவு நீலம் சேர்த்து, தண்ணீரில் அதற்கு நேர் கீழே மூன்று தீற்று.